டோகா விமானத்தில் நீண்டுபோன நோன்பு

விடியற்காலை 5.25க்குக் கல்முனையிலிருந்து வாடகை வான் வண்டியில் புறப்பட்டேன். டோகாவில் இருக்கும் மகளிடம் முதல் தடவையாகப் போகிறேன். ஸஹர் சாப்பாட்டை 4.50க்கே முடித்திருந்தேன். மனைவி வாசலில் நின்று கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"பயணிக்கு நோன்பு கடமையில்ல. சீனி வருத்தத்துக்கு மருந்து குடிக்கிற ஆளுக்கு ஆகாசத்தில என்ன பிடிவாதம்?"

"பன்னண்டு வயசில இருந்து ஒண்டும் விட்டதில்ல. எழுவத்தொண்டில விடவா?"

கணக்குப் பார்த்துத்தான் சொன்னேன். விமானம் மாலை 4.10க்கு, நோன்பு திறப்பது 6.15க்கு. ஏறி இரண்டு மணி ஐந்து நிமிடத்தில் பேரீச்சம்பழம் வாயில். வழியில் இதை மூன்று தடவை சரிபார்த்தேன்.

மஹியங்கனை தாண்டி மலையேறும்போது வளைவுகளை எண்ணினேன். "ஹாஜியார், நீங்க எண்ணாட்டியும் பதினெட்டுத்தான். கொஞ்சம் கண்ண மூடுங்க" என்றார் சாரதி. மூடவில்லை.

பகல் 1.00க்குக் கட்டுநாயக்க விமான நிலையம். 318 கிலோமீற்றர், ஏழு மணி முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து டோகா ஏறக்குறைய 3,700 கிலோமீற்றர், நான்கு மணி ஐம்பது நிமிடம். பத்தில் ஒரு பங்குகூட வராத தூரத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம் கூடுதல்!

எனக்கு ஜன்னலோர ஆசனம். பக்கத்தில் மருதமுனைக்காரர் ஒருவர். டோகாவில் பதினாறு வருடமாக லொறி ஓட்டுகிறார். பயணத்தில் நோன்பு பிடிப்பதில்லை என்றார்.

என் கடிகாரத்தில் சரியாக 6.15. பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தை உதட்டருகே கொண்டுபோனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஹாஜியார், ஜன்னலப் பாருங்க."

மேகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சூரியன்.

"கல்முனையில பாங்கு சொல்லியாச்சு."

"ஓம், கல்முனையில. நாம இரிக்கிற இடத்திலதான் மறையோணும். இது அரபிக்கடல்."

சூரியனும் மேற்கே, விமானமும் மேற்கே. இதை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஒண்டரை மணித்தியாலம் வரும். பைலட் விரட்டினா இன்னும் கூடும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 6.40க்குப் பார்த்தேன், 7.05க்குப் பார்த்தேன். பதினொரு தடவை ஜன்னல் மறைப்பைத் தூக்கினேன். 7.20க்கு நெற்றி வியர்த்தது, விரல்கள் நடுங்கின, முன் ஆசனத்துத் திரையில் இலக்கங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. இன்னும் கொஞ்சம்தான் என்று பல்லைக் கடித்தேன்.

மருதமுனைக்காரர் பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை. "மகளுக்கு வாப்பா வேணும் ஹாஜியார். மையித்து வேணாம்."

7.31க்குத் தின்றேன். தண்ணீர் குடித்தேன். மெல்லக் கண் தெளிந்தது. தெளிந்த கண்ணோடு, 7.50க்குச் சூரியன் இறங்குவதைப் பார்த்தேன். பத்தொன்பது நிமிடம்.

டோகாவில் இறங்கும்போது அங்கே மாலை 6.30. ஊர் முழுவதும் நோன்பு திறந்து முடித்திருந்தது. வெளியே நின்ற மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"வாப்பா, நோன்பு லேசா இரிந்திச்சா?"

லேசு என்று சொல்லிவிடத்தான் வாய் எடுத்தேன்.

"ஒண்டு களாவாப் போச்சு மகள். பிறகு பிடிக்கோணும்."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பெருநாள் முடிந்து ஊர் திரும்பியதும் அதைப் பிடிப்பேன். அன்றைக்குப் பள்ளிவாசலைத் தாண்டி மேற்கே ஓர் அடிகூட வைப்பதாக இல்லை.