ரெண்டு பிளேட் குசினி

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிக் கிடக்கிறது எங்கள் தீவு. தீவு என்றுதான் பேர். ரோடு போட்டு இணைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கரை முழுக்கக் கார்தான். சும்மா வேடிக்கை பார்க்க எனக்கென்ன பைத்தியமா? வீட்டுக்குப் பின்னால் பெஞ்சு போட்டு மீன் சோறு விற்க ஆரம்பித்தேன். சமைக்கிற இடத்துக்கு வழிகாட்ட ஒரு பலகையில் ‘குசினி’ என்று எழுதி அம்புக்குறியும் போட்டேன்.

எங்கள் கடற்கரையில் அடுக்களைக்கு அதுதான் பேர். போர்ச்சுக்கீசியர் விட்டுவிட்டுப் போன சொல் என்பார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த குடும்பத்துக்கு அது எங்கே தெரியும்? பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்த அம்மா, “அக்கா, ரெண்டு பிளேட் குசினி” என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு மீன் சோற்றைக் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த வாரம் அவள் சொல்லி வந்தவர்களும் குசினிதான் கேட்டார்கள். நானும் திருத்தவில்லை.

ஊரில் ஆளுக்கொரு பேச்சு. ஐஸ் கடை அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். நல்ல மீனெல்லாம் காரில் ஏறிப் போகிறது, நமக்குச் சாளைதான் மிச்சம் என்று பக்கத்து வீட்டுக்காரி புலம்புவாள். ரெண்டுமே உண்மைதான். என் வீட்டுக்காரருக்கோ வருகிறவர்களைக் கண்டாலே ஆகாது. வலை காயப்போடும் மணலில் யாரோ உடைத்துப்போட்ட பாட்டில் அவர் உள்ளங்காலைப் பதம் பார்த்துவிட்டது. கடலுக்குப் போக முடியாமல், கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

“நீ சோறு போடுத. அவன் கண்ணாடிய போட்டுட்டுப் போறான். வார ஞாயித்துக்கிழமையோட கடைய மூடிரு.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் வீட்டில் கிடக்கும்போது அடுப்பெரிவது அந்தச் சோற்றால்தானே! ஆனால் அந்தக் காலைப் பார்த்ததும் கட்டை அவிழ்த்து மருந்து போட உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு சமைத்து வைத்துவிட்டுப் பூசைக்குப் போனேன். ஒரு ஞானஸ்நானமும் சேர்ந்துகொள்ள, திரும்ப நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் பெஞ்சு நிறைய ஆட்கள். என் வீட்டுக்காரர் சோற்றுப் பானைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருக்கிறார்! காலடியில் ஒரு சாக்கு நிறையக் காலி பாட்டில்கள். குசினி கேட்டு நின்ற கூலிங்கிளாஸ்காரரிடம் கறாராகச் சொன்னார்:

“கரையில கிடக்க உங்க பாட்டில எடுத்துட்டு வாங்க. அப்பதான் குசினி.”

அந்த ஆளும் போய் எடுத்து வந்தார்.

சாயங்காலம் மணலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டே வந்தார். கடையை மூடும் பேச்சை எடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“ஏளா, அடுத்த வாரம் குசினி கொஞ்சம் கூட ஆக்கு. இன்னைக்குப் பத்தல” என்றார்.