நான் விழுங்கிய மாத்திரை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. இரண்டாவது மகள் பிறந்தபோது அது அடுத்தடுத்து வந்து, பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்தேன். நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரியில், தினமும் படுக்கப் போகுமுன் போட வேண்டிய வலிப்பு மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். இன்னொரு பிள்ளை வேண்டவே வேண்டாம், உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். வீட்டுக்காரர், கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர். அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. பிள்ளை தங்காமலிருக்க மாத்திரை ஒன்று வந்திருப்பதாக எங்கள் டயகமத் தோட்டப் பக்கமெல்லாம் பேச்சு. எங்கள் தோட்டத்து மருத்துவச்சி அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட வரும் பெண்களுக்கு, அங்கேயே நிற்கவைத்து அதைக் கொடுப்பார். கையில் கொடுத்தனுப்ப மாட்டார். எங்கள் சரித்திரம் அப்படி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தை வாயில் ஊற்றினால், கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய்த் தேயிலைத் தூரில் துப்புவதில் எங்கள் சனம் கைதேர்ந்தது. நானும் லேசுப்பட்டவள் இல்லை. குமரியாக இருந்தபோது, மேற்பார்வைக்கு வந்த கண்டாக்கையாவின் சப்பாத்து மேலேயே துப்பிவைக்க, லயத்து வரிசை வீடுகள் மொத்தமும் சிரித்தன. ஆகவே மருத்துவச்சி அம்மா முன்னால் மாத்திரையை விழுங்கி, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து நாக்கையும் தூக்கிக் காட்ட வேண்டும்.

காட்டினேன். லீவு நாளில்கூட அவர் வீட்டு வாசலுக்கு நானே தேடிப் போய் விழுங்கிவிட்டு வந்தேன். எனக்குச் சாக விருப்பமில்லை. நான் போய்விட்டால் இரண்டு பெண்பிள்ளைகளும் யார் கையைப் பிடித்து நிற்கும்?

இடையில் நாள் தவறித் தவறித் தீட்டுப் பட்டது. மருத்துவச்சி அம்மாவிடம் சொன்னேன். தொடக்கத்தில் சிலருக்கு அப்படித்தான், விட்டுவிடாமல் போடு என்றார். விடவில்லை. பிறகு ஒரேயடியாக நின்றுபோனது. வாயில் புளித்தண்ணீர் ஊறிக் கொழுந்துக்கூடையோடு மலையில் உட்கார்ந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையா என்னையும் மருத்துவச்சி அம்மாவையும் கூப்பிட்டு விசாரித்தார். மாத்திரை தவறாது, போடுகிறவள்தான் தவறுவாள் என்பது அவர் கட்சி. மருத்துவச்சி அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ர கண்ணுக்கு முன்னாலதான் விழுங்கினவ. பிறகு வெளியில போய் என்ன செய்தாவோ, எனக்குத் தெரியாது."

விழுங்கினதை வெளியில் போய் என்ன செய்ய முடியும்? கேட்டுவிட்டேன். பூச்சி மருந்தை என்ன செய்தாய் என்று மருந்தையா திருப்பிக் கேட்டார். இரண்டு பெண் இருக்கிறது, ஆண்பிள்ளை ஆசையில் துப்பியிருக்கிறாள் என்று முடிவு கட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மருந்தை இன்னொரு மருந்து கெடுக்கும் என்பது அன்றைக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதற்கு யாரையும் நோக முடியாது. ஆனால் இவள் சொல்வது நிஜமாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் யோசிக்கக்கூடவா ஆளில்லை? அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்காரர் சண்டை பிடிப்பார் என்று நினைத்துக்கொண்டு எங்கள் லயத்துக் காம்பராவுக்குள் நுழைந்தேன். மருந்தையா கட்டிய முடிவு அதற்குள் அவர் காதுக்கு வந்திருந்தது. அவர் அடுப்புப் பக்கம் குந்தியிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எனக்காகவா புள்ள இப்படிப் பண்ணுன?" என்றார்.

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்வது? மாரியம்மன் மேல் சத்தியம் செய்தேன், தலையில் அடித்துக்கொண்டேன். நான் மறுக்க மறுக்க அவருக்குப் பாசம்தான் கூடியது. பீலியில் தண்ணீர் பிடித்து வந்தார், விறகு உடைத்தார், என் கால் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து காணாத கவனிப்பு. நான் செய்யாத காரியத்துக்குக் கிடைத்த கூலி என்று நினைக்கும்போது ஒத்தடத் துணியைப் பிடுங்கி எறியத் தோன்றும். ஒரு தடவை எறிந்தும் விட்டேன். அவர் எடுத்து மறுபடி நனைத்துக்கொண்டு வந்தார்.

பிரசவம் எனக்கு நினைவில்லை. வலிப்பு வந்ததாம். கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆண்பிள்ளை கிடந்தான். நெனச்சதச் சாதிச்சிட்டா என்று லயமே பேசியது. பெண்ணாகப் பிறந்திருந்தால்கூட என் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பிருந்திருக்கும். பிள்ளையை மடியில் போட்டுப் பார்த்தபோது அந்தக் கோபமெல்லாம் எங்கே போனதோ. அவன் என்ன செய்வான், பாவம்.

பல வருடம் கழித்து, வலிப்பு மாத்திரை வாங்க நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இளம்பெண்ணிடம் டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: சில வலிப்பு மாத்திரைகளைப் போடுகிறவர்களுக்குக் கர்ப்பத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது, ஈரல் அதைச் சீக்கிரம் அழித்துவிடும், உனக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும். நான் என் மாத்திரையை நீட்டி, இதுவுமா என்று கேட்டேன். இதுவும்தான் என்றார். அந்த நாளில் நானும் பிள்ளை தங்காத மாத்திரை போட்டதைச் சொன்னதும், இடையிடையே தீட்டுப் பட்டதா என்று அவராகவே கேட்டார். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தேன். வீட்டுக்காரர் நெஞ்சு வலியால் வேலைக்குப் போக முடியாமல் படுத்திருந்த காலம். மூச்சு வாங்க வாங்க அத்தனையும் சொன்னேன். அவர் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்காக இல்லியா?" என்றார்.

மெலிந்துபோயிருந்த அந்த முகத்தைப் பார்த்தேன். போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

"அந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்?" என்றேன். "ஒங்களுக்காகத்தாங்க துப்புனேன்."