மச்சாளின் சுவரில் இருந்த சொல்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து ஏறுவான். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு அப்பாவால் வீடு கட்டித்தர முடியவில்லை. அதனால் கலியாணம் முடித்து நான் போய் ஏறியது என் புருசனுடைய அக்காவின் வளவில், குசினிக்குப் பின்னால் இறக்கிய ஓலைப் பத்தியில்.

மச்சாள் அதை ஒரு நாளும் மறக்க விடவில்லை. கிணற்றடியில் நாலு பேர் நின்றால் போதும். "நம்மட புள்ள வீட்டைத் தலையில வெச்சுக்கொண்டு வந்தவ. கவனம், ஓடு விழுந்திரும்," என்பாள்.

மார்கழியில் கடல் வந்து பத்தியை அள்ளிக்கொண்டு போனது. அவளுடைய கல்வீடு மட்டும் கூரை இல்லாமல் நின்றது. நாங்கள் போய் ஒதுங்கிய முகாமிலும் அதே கதைதான். "என்ட சுவர் நிக்குது. முகாமை மூடினா நீ எங்க போவாய்? என்ட கால்லதான் விழ வேணும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. முகாமில் ஒரு ரீச்சர் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பித்தார். யோசனையை மறக்க நானும் பின்னால் போய் இருந்தேன். நீளச் சொல்லுக்குப் பயப்படாதீங்க, வாலில இருந்து வெட்டுங்க, தலையைக் கடைசியாப் பாருங்க என்பார்.

பிறகு உடைந்த வீடுகளைப் பார்க்க அதிகாரிகள் வந்து மச்சாளின் சுவரில் சிவப்புப் பெயின்றால் ஒரு நீள இங்கிலீஷ் சொல்லை எழுதிவிட்டுப் போனார்கள். முதலில் கண்டது நான். எழுத்துகளை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய் ரீச்சரிடம் காட்டினேன். பிழையோ பிழையோ என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு வாயே திறக்கவில்லை. மச்சாள் தானாகக் கேட்கட்டும்.

கேட்டாள். சுவருக்கு முன்னால் கிணற்றடி ஆக்களும் கூட நின்றார்கள்.

"ரீச்சரோட குந்திக்கொண்டிருக்கிறியே, இது என்ன புள்ள?"

விரலைச் சொல்லின் வாலில் வைத்தேன். "ஏபிள். அப்படியெண்டா ஏலும், மச்சாள்."

"என்ன ஏலும்?"

விரலை முன்னுக்கு நகர்த்தினேன். "இன்-ஹ-பிற். குடியிருக்க."

"குடியிருக்க ஏலும்." மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "நான் சொன்னதானே."

அந்தச் சிரிப்பு அவள் முகம் முழுக்கப் பரவும்வரை பொறுத்தேன்.

"இன்னும் தலை கிடக்கு, மச்சாள். அன். அது முன்னுக்கு வந்தா எல்லாம் மறுபக்கம். குடியிருக்க ஏலாது."

மச்சாள் மணலில் குந்திவிட்டாள். அவளுக்கு வீடில்லை என்றால் எனக்கும் ஒதுங்க இடமில்லை. அந்தப் பயம் நெஞ்சில் அப்படியேதான் கிடந்தது. ஆனாலும் வயிறு குளிர்ந்தது.

"பிழையா வாசிச்சிருப்பாய். திரும்ப வாசி," என்றாள்.

திரும்பவும் வாலில் இருந்துதான் தொடங்கினேன்.