முந்திரிக்கொட்டை சுட்ட மதியம்

முந்திரிக்கொட்டை சுடும் புகை மூக்கில் ஏறினால் கண்ணில் நீர் வரும், தொண்டை கமறும். ஆனாலும் எனக்கு அந்த நெடி இன்றும் பிடிக்கும். குன்னம் பள்ளிக்கூடம் என்னைத் தன் பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டது அந்த நெடியில்தான்.

அப்பாவுக்கு வேலை மாற்றலாகி, முந்திரி விளையும் செம்மண் ஊரான மீன்சுருட்டியிலிருந்து நாங்கள் குன்னத்துக்கு வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அந்த ஊர்க் கரிசல்காட்டுப் பிள்ளைகள் என்னைச் "செம்மண்ணு" என்றுதான் கூப்பிட்டார்கள். மதியம் பள்ளிக்கூடத்துச் சோற்றை வாங்கி, வேப்பமரத்தடியில் ஐந்தைந்து பேராக வட்டம் கட்டி உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன வெங்காயத்தையோ துவையலையோ நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். அதற்குக் "கூட்டாஞ்சோறு" என்று பெயர். ஆறு வட்டம், முப்பது பேர். முப்பத்தொன்றாவது ஆள் நான். நடுவில் வைக்க எங்களுக்கு வெங்காயக் காடும் இல்லை. பதினோரு நாள் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

பன்னிரண்டாம் நாள், ஊரிலிருந்து மாமா கொண்டுவந்த முந்திரிக்கொட்டைகளில் நாற்பதை எண்ணிப் பையில் போட்டு எடுத்துப் போனேன். சுடாத பச்சைக் கொட்டையை வாயில் வைக்கக் கூடாதென்று எங்கள் ஊரில் தவழும் குழந்தைக்கும் தெரியும். இவர்களுக்கும் தெரியும் என்று நினைத்ததுதான் என் தப்பு.

"இது என்னாடா செம்மண்ணு, மாங்கொட்டை போட்ட குட்டியா?" என்று செல்வராசு ஒன்றைப் பிடுங்கி நறுக்கென்று கடித்துவிட்டான். தோலின் எண்ணெய் பட்டு உதடு எரிய, அவன் குதித்த குதியில் ஆறு வட்டமும் கலைந்தன. சமையல் ஆயா தேங்காய் எண்ணெயோடு ஓடிவந்தார். இனி எந்த வட்டத்திலும் எனக்கு இடமில்லை என்று நினைத்தேன்.

வாத்தியார் வந்து பையைப் பார்த்தார். "உங்க ஊர்ல இத எப்படிடா திம்பீங்க?"

"சுட்டுத்தான் சார்."

"அப்ப சுடு. நானும் பாக்கறேன்."

ஆயாவின் அடுப்பில், ஓட்டைச் சட்டியில், மீதி முப்பத்தொன்பதையும் கொட்டினேன். எண்ணெய் கசிந்து, சடசடவென்று வெடித்து, குப்பென்று தீ எழும்பியது! "தள்ளி நில்லுங்கடா!" என்று நான் கத்த, முப்பது பேரும், வாத்தியாரும்கூட, பின்வாங்கினார்கள். மண்ணை அள்ளிப் போட்டு அணைத்து, கல்லால் தட்டி உடைத்து, கரிக்கையோடு ஆளுக்கொரு பருப்பாக நீட்டினேன்.

பணியாரமாக வீங்கிய உதட்டோடு செல்வராசு வந்து நின்றான். "உதட்டுக்கு ஒண்ணு, வாய்க்கு ஒண்ணு. எனக்கு ரெண்டுடா!"

கொடுத்தேன். இரண்டையும் வாயில் போட்டுக்கொண்டு, தன் வட்டத்துப் பையன்களை முழங்கையால் நெட்டித் தள்ளினான். "நவுந்து உக்காருங்கடா. இவனுக்கும் எடம் வேணும்ல?"

அந்த வட்டங்கள் இப்போது இல்லை; பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் நிற்கிறார்கள். சென்ற மாதம் என் பேரன் அரியலூரில் புதுப் பள்ளியில் சேர்ந்தான். முதல் நாள் சாயங்காலம் ஒன்பது தடவை தெருவை எட்டிப் பார்த்தேன். வந்தவன் காலிப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். "தாத்தா, பூராத் தண்ணியும் பக்கத்துல இருந்தவனே குடிச்சிட்டான்!"

"அவன் பேரென்னடா?"

"கேக்கலயே. நாளைக்கும் எங்கூடத்தான் உக்காருவேன்னான்."

மறுநாள் பையில் இரண்டு பாட்டில் வைத்து அனுப்பினேன்.