ஏழு காலி அட்டைகள்

சென்ற ஆண்டு ஆடி மாதம், கீரனூரில் எங்கள் வீட்டில் நடந்தது. மருமகளின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

எனக்கு வயது எழுபத்து நான்கு. எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுப்பது வீட்டில் என் வேலை. அப்படிப் பிரிக்கும்போது ஒற்றை மாத்திரை அட்டைகள் காலியாகக் கிடைத்தன. பத்து வாரத்தில் ஏழு. என் பிரஷர் மாத்திரை அட்டையில் பதினைந்து குழி, மனைவியின் சர்க்கரை மாத்திரையில் பத்து. ஆக, இது எங்களுடையது இல்லை. மருமகளோ முகம் வெளிறி, திருச்சிக்கு வேலைக்குப் போகப் பஸ் ஏறவே தடுமாறிக்கொண்டிருந்தாள். ஏதோ பெரிய வியாதியை மறைக்கிறாள் என்று பதறிப்போனேன்.

ஓர் அட்டையை மருந்துக்கடையில் காட்டினேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, கர்ப்பம் தரிக்காமல் இருக்க அவசரத்துக்குப் போடுவது என்றார். கூசிப்போய் வந்து மனைவியிடம் சொன்னேன்.

"எண்ணுறதுக்கு ஒங்களுக்கு வேற எதுவுமே கெடைக்கலையா?" என்றவள், மருமகளிடம் தனியாகப் பேசிவிட்டு வந்து என்னை முறைத்தாள்.

மகனுக்குத் திருப்பூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவான், சில வாரம் அதுவும் இல்லை. பேரனுக்கு ஒன்றரை வயது. அடுத்த குழந்தை இப்போது வேண்டாம் என்று அவன் வந்துபோகும்போதெல்லாம் இவள் அந்த மாத்திரையைப் போட்டிருக்கிறாள். மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டது. நிறுத்திவிடத்தான் நினைத்திருக்கிறாள். ஆனால், எந்த மாத்திரையையும் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று சாப்பாட்டு வேளைதோறும் ஓதியவன் நான். பிரஷர் மாத்திரையை நான்கு நாள் விட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்த அனுபவம் எனக்கு. அதைக் கேட்டுக் கேட்டு, சட்டென்று விட்டால் உடம்புக்கு என்னமோ ஆகிவிடும் என்று பயந்திருக்கிறாள்.

மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போனோம். டோக்கன் முப்பத்தொன்று. பெண்கள் இருவரும் உள்ளே போய் நாற்பது நிமிடம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தரையில் பதித்த கல்லை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. மருமகள் முகத்தில் பல நாள் கழித்துச் சிரிப்பு.

"மாமா, இது ஒங்க பிரஷர் மாத்திரை மாதிரி இல்லையாம். இன்னைக்கே விட்டுறலாமாம்."

பரிசோதனையில் கர்ப்பம் இல்லை, ரத்தம்தான் குறைவு. மாதவிலக்கு சீராக ஓரிரு மாதம் ஆகலாம், நாள் தள்ளிப்போனால் பரிசோதிக்க வேண்டும், ரத்தப்போக்கோ வயிற்றுவலியோ அதிகமானால் உடனே வர வேண்டும் என்றாராம் டாக்டரம்மா. வெறுமனே நிறுத்தினால் போதாது, நிலையான வழி ஒன்று வேண்டும் என்று காப்பர்-டி, மூன்று மாத ஊசி, தினசரி மாத்திரை, ஆணுறை எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். மகனிடம் போனில் பேசிவிட்டு, காப்பர்-டி போதும் என்று அவளே முடிவு செய்தாள்.

"இரும்புச்சத்து மாத்திரை முப்பது குடுத்திருக்காங்க. இத வேணா எண்ணிக்கங்க," என்று பையை என்னிடம் நீட்டினாள். எண்ணினேன். முப்பது சரியாக இருந்தது.

இப்போது மாத்திரை பற்றி யார் என்ன கேட்டாலும், "டாக்டரைக் கேளுங்க" என்று இரண்டே சொல்லில் நிறுத்திக்கொள்கிறேன். அதை முன்பே சொல்லியிருந்தால் அந்த ஏழில் எத்தனை குறைந்திருக்கும் என்ற ஒரு கணக்கு மட்டும் எனக்கு இன்றுவரை முடியவில்லை.