கழித்து எழுதிய கடல்

துறைமுகச் சுவரோரம் தண்ணீருக்குள் நிற்கும் அளவுக் கம்பத்தைப் பார்த்து நீர்மட்டம் எழுதுவதுதான் அந்த அம்மாளின் வேலை. காலை ஒன்பது, மாலை மூன்று; இருபத்தாறு வருடம். தங்கை அவரைக் “கம்பக்காரி” என்றே கூப்பிடுவாள். முழங்கால் போன அந்தத் தங்கை, கரையை ஒட்டிய முதல் வரிசையில் குடியிருந்தாள். நீர்மட்டத்தின் வருடச் சராசரி இரண்டு மீட்டரைத் தாண்டினால் அந்த வரிசைக்கு மேட்டில் வீடு என்று அரசாங்க உத்தரவு இருந்தது.

ஏழு வருடம் முன்பு தாண்டியது. மேலதிகாரி ஓர் அறிக்கையை விரித்தார்.

“துருவத்துல முன்னைவிடப் பனி அதிகமா கொட்டுதாம். கடல் தண்ணிதான் அங்க போய்ப் பனியா உக்காருது. அப்புறம் இங்க எப்படிம்மா ஏறும்? உங்க கம்பம் மண்ணுல இறங்கியிருக்கு. எட்டு சென்டிமீட்டர் கழிச்சு எழுதுங்க.”

“சுவர்ல அடிச்ச ஆணியோட வச்சுப் பாத்தேன் சார். கம்பம் ஒரு நூல்கூட இறங்கல.”

“நீங்க கம்பத்தப் பாருங்க. துருவத்த நாங்க பாத்துக்கறோம்.”

அறையே சிரித்தது.

அறிக்கையின் அடுத்த பக்கத்தை மேலதிகாரி புரட்டவில்லை. துருவத்தின் உட்பகுதியில் கூடுதலாக விழும் பனி கொஞ்சம் ஈடுகட்டுகிறது, உண்மை. ஆனால் ஓரங்களில் முன்பு பனி விழுந்த இடத்தில் மழை பெய்து பனிக்கட்டியைக் கரைக்கிறது; சூடேறிய கடல் அடியிலிருந்து அரிக்கிறது. சேர்வதைவிடக் கரைவது அதிகம் என்று அதில் அச்சடித்திருந்தது. முதல் பக்கம் அவருக்கு வசதியாக இருந்தது. யாருக்கும் வீடு கட்டித் தர வேண்டாமே.

படித்தவர்கள் சொல்கிறார்களே, ஒருவேளை ஆணியும் சேர்ந்து இறங்கியிருக்குமோ என்று அம்மாள் தன் கண்ணையே சந்தேகப்பட்டார். கழித்தார். தினமும் இரண்டு தடவை.

போன மாதம், பட்டப்பகலில், புயல் அலை முதல் வரிசையில் புகுந்தது. நடக்க முடிந்தவர்கள் ஓடினார்கள். தங்கை மேல் சுவர் விழுந்தது.

விசாரணையில் அம்மாளிடம் கேட்டார்கள்: “கழிக்கச் சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?”

“வாயால சொன்னாங்க.”

“பதிவேட்டுல இருக்கறது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

அம்மாள் எழுந்தார்.

“வாரா வாரம் கேப்பா, ‘என்ன கம்பக்காரி, தண்ணி ஏறுதா?’ன்னு. அவகிட்டயும் கழிச்சுத்தான் சொன்னேன்.”