ஒரு தலையணை உறையும் நாலு கைகளும்

போன மாதம் தலையணை உறை வாங்கலாம் என்று ஊருக்குள் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போயிருந்தேன். ஓரத்தில் ரோஜாக்கொத்து போட்ட உறை ஒன்று பிடித்திருந்தது. எடுத்தேன், கையை உள்ளே விட்டு உட்பக்கத்தை வெளியே இழுத்துப் பார்த்தேன். அங்கே நின்ற பெண் பதறிப்போய், "அக்கா, ரேட்டு முன்பக்கந்தானுங்க போட்டிருக்குது" என்றாள். நான் விலையைத் தேடவில்லை. ரோஜாவின் முதுகைத் தேடினேன். அங்கே தாள் மாதிரி எதையோ வெள்ளையாக ஒட்டி மூடியிருந்தார்கள். முதுகு காட்டாத பூவை எப்படி நம்பி வாங்குவது என்று வைத்துவிட்டு வந்துவிட்டேன். பேருந்துக் காசு நஷ்டம் என்று வீட்டில் பேச்சு வாங்கியது தனிக்கதை.

இந்தத் திருப்பிப் பார்க்கிற வியாதியை எனக்கு ஒட்டவைத்தது ஸ்டெல்லா அக்கா. எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது வேலை. ஸ்டெல்லா அக்கா எனக்கு எதிர் மேசை. சின்ன வயதில் கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பில் கற்றவர். எம்பிராய்டரி போட்ட துணியை யார் நீட்டினாலும் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். "மூஞ்சிய எல்லாருந்தான் கழுவிட்டு வருவாங்க கண்ணு. முதுகப் பாத்தாத்தான் தெரியும்" என்பார். பின்பக்கம் முடிச்சும் பிசிறுமாக இருந்தால் கத்தரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் பிரித்துவிடுவார். அந்தக் கத்தரிக்கோலுக்கு நான் பயந்த அளவுக்கு முதலாளிக்குப் பயந்ததில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் மெஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நிற்கும். காதுக்குள் ஒரு பெரிய இடம் காலியான மாதிரி இருக்கும். கம்பெனிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். சோற்றுப் போசியைக் கழுவிக் கவிழ்த்ததும் எங்கள் பக்கத்தில் பைகள் திறக்கும். ஒயர் கூடை, குரோஷா பின்னல், எம்பிராய்டரி வளையம், பாதி முடிந்த கதவுத்திரை என்று ஆளுக்கொன்று வெளியே வரும். என் பக்கத்தில் உட்காரும் ருக்மணி தறிக்காரக் குடும்பத்துப் பெண், குரோஷாவில் கெட்டிக்காரி. டிவி வாங்குவதற்கு முன்பே டிவிக்கு உறை போட்டு வைத்தவள். கடைசியில் டிவி பெரிதாக வந்துவிட்டது. அந்த உறையை அம்மிக்கல்லுக்குப் போட்டு மூடினாள். அந்த வட்டாரத்திலேயே லேஸ் வைத்த அம்மிக்கல் அவள் வீட்டில்தான் இருந்தது.

ஒருத்தி போட்டதை இன்னொருத்திக்குக் கொடுப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. பிறந்த நாள் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. காய்ச்சல் விட்டு வேலைக்குத் திரும்பினால் ஒரு கைக்குட்டை, தம்பி பத்தாவது பாஸானால் ஒரு கைப்பை. நானும் ருக்மணி குழந்தைக்கு என்று கம்பளி நூலில் ஒரு முயல் செய்து கொடுத்தேன். காது இரண்டும் இரண்டு திசையில் போயின. கண்ணுக்கு வைத்த பித்தான் கொஞ்சம் பெரிது. ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது என் முயல் வாசல் நிலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. "குழந்தை பாத்துப் பாத்து அழுவுதுங்க்கா. திருஷ்டிக்கு நல்லா இருக்குதுன்னு எங்கூட்டுக்காரரு மாட்டி உட்டுட்டாரு" என்றாள். நான் செய்ததில் ஏதோ ஒன்றாவது உபயோகப்பட்டதே என்று இருந்தது.

இந்தக் கூட்டத்துக்குள் ஒரு நாள் பழனிச்சாமி வந்தார். துணிகளைச் சேர்த்து ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் எங்கள் கம்பெனியிலேயே வேகமான ஆள். முருங்கைக்குப் பேர் போன மூலனூர்ப் பக்கம் சொந்த ஊர். முப்பதைத் தொடாத வயது, அளந்து பேசுகிறவர். ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து பெண்கள் பக்கத்துக்கு அவர் நடந்து வந்ததைக் கொட்டகையே திரும்பிப் பார்த்தது. கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

"ஏனுங்க ஸ்டெல்லாக்கா, இந்த ஊசி வேலைய எனக்குப் பழக்கி உடுவீங்களா?"

"ஓவர்லாக் ஓட்டற கைக்கு இது எதுக்குங்க தம்பி?"

அவர் முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி சரோஜா கோவித்துக்கொண்டு கொமரலிங்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. கல்யாணமானதிலிருந்து இவர் அந்தப் பெண்ணுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததெல்லாம் கம்பெனியில் தள்ளிய பீஸ்கள். கழுத்து கோணிய டீ சர்ட், ஒரு கை நீளமான நைட்டி, எந்த நாட்டுக்காரனுக்கோ அடித்துச் சாயம் ஒழுகிப்போன பனியன். இதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. கடைசியாக ஒரு நைட்டியைக் கொடுத்தபோது சரோஜா அதை மடித்து வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டிருக்கிறாள்: "எல்லாமே வேண்டாம்னு தள்ளுனதாவே கொண்டாறீங்களே. என்னையும் அப்படித்தான் கட்டியாந்தீங்களாங்க?" அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"கடையில ஒரு நல்ல சீலையா எடுத்துட்டுப் போறதுதானுங்களே" என்றாள் ருக்மணி.

"கொண்டுட்டுப் போனனுங்க. அதையும் விரிச்சு, எங்க கிழிஞ்சிருக்குதுன்னு தேடறா. அவளுக்குன்னே நான் உக்காந்து செஞ்சதா ஒண்ணு வேணுமுங்க."

இதைக் கேட்டு ஸ்டெல்லா அக்கா நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு மாமனார் வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள்; அதற்குள் ஒரு தலையணை உறை என்று முடிவானது. ஒரு கொடி, அதில் ரோஜாக்கள், நடுவில் 'சரோஜா' என்று பெயர். கார்பன் தாள் வைத்து நான் வரைந்து கொடுத்தேன்.

பழனிச்சாமி தைத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவருக்கு ஊசி என்றால் அது ஓரிடத்தில் நிற்கும், துணிதான் அதனிடம் போகும். மெஷினில் அப்படித்தானே. அதனால் ஊசியை ஆடாமல் பிடித்துக்கொண்டு துணியைக் கொண்டுபோய் ஊசியில் குத்துவார். போதாததற்கு, கை தைக்க ஆரம்பித்ததும் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். சிக்கலான இடம் வந்தால் வேகமாக மிதிக்கும். "தம்பி, காலத் தூக்கிப் பலகை மேல வச்சுக்கங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா. காலைத் தூக்கினால் கை நின்றுவிட்டது. சரி, மிதித்துக்கொண்டே தையுங்கள் என்று விட்டுவிட்டார்.

சொல்லித் தருவதற்குக் கூலி மாதிரி ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் முருங்கைக்காய் கொண்டு வந்தார். அந்த ஆனி மாதம் எங்கள் வீடுகளில் முருங்கைக்காய்ச் சாம்பார், முருங்கைக்காய்ப் பொரியல், முருங்கைக்காய் போட்ட புளிக்குழம்பு. என் அப்பா, "உங்க கம்பெனியில பனியன்தானே போடறாங்க?" என்று சந்தேகமாகவே கேட்டார்.

ஆடி பிறந்துவிட்டது. பழனிச்சாமி கொடியும் சில இலைகளும்தான் முடித்திருந்தார். விரல் நுனியெல்லாம் பொத்தல். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு நாள் அவர் கை கழுவப் போனபோது ஸ்டெல்லா அக்கா துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "ஒரே ஒரு பூ" என்றார். அந்த ஒரு பூ, நூலை ஊசியில் சுற்றிச் சுற்றிப் போடுகிற தடித்த ரோஜா. நிஜப் பூ மாதிரி எழும்பி நின்றது. அதைப் பார்த்ததும் ருக்மணிக்குக் கை அரித்தது. ஓரம் முழுக்க லேஸ் பின்னினாள். நான் மட்டும் சும்மா இருப்பதா என்று பெயரை எடுத்துக்கொண்டேன். 'ச'வுக்கு மேலே ஒரு சுருள் வைத்தேன், யானைத் தும்பிக்கை மாதிரி. பழனிச்சாமி கையெடுத்துக் கும்பிட்டு, தாளில் சுற்றிக்கொண்டு நோம்பிக்குப் போனார்.

திங்கட்கிழமை தனியாகத் திரும்பி வந்தார்.

"என்னுங்க ஆச்சு?" என்றேன்.

"பிரிச்சுப் பாத்தாளுங்க. சிரிச்சாளுங்க. அப்புறம் திருப்பிப் பாத்தாளுங்க. இது பொம்பள கை, யாரு அந்தப் பொம்பளைன்னு கேட்டுப்போட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொய் சொல்லக் கூடாதுன்னு, ஒருத்தி இல்ல, மூணு பேருன்னு சொன்னனுங்க."

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ருக்மணி அப்போதே வேர்த்துப்போனாள். அவள் வீட்டுக்காரர் கோபக்காரர். ஸ்டெல்லா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்த வாரமே சரோஜா வந்தாள். சாப்பாட்டு நேரம் பார்த்து, கையில் ஒயர் கூடையோடு, வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு நேரே கொட்டகைக்கு. ஒல்லியான பெண். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தாள். சண்டைக்கு வந்தவள்தான், ஆனாலும் எங்கள் வட்டாரத்துப் பெண் அல்லவா. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' இருந்தது.

கூடையிலிருந்து உறையை எடுத்துத் திருப்பி விரித்தாள். "இந்த ரோஜா போட்டது யாருங்க?"

"நான்தானுங்க" என்றார் ஸ்டெல்லா அக்கா. அவரை மேலும் கீழும் பார்த்தாள். அக்காவுக்கு அப்போதே தலை பாதி நரை. ரோஜா விடுதலையானது.

"இந்த லேஸு?"

"நானுங்க. எனக்குக் கொழந்த இருக்குதுங்க. அவரும் இருக்கறாருங்க" என்று கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னாள் ருக்மணி.

"பேரு?"

நான் கையைத் தூக்கினேன். கல்யாணமாகாதவள் நான் ஒருத்திதான். அவள் கண் என் மேல் கொஞ்சம் கூடுதலாகவே நின்றது.

"உங்க 'ச'வுக்குக் கொம்பு மொளச்சிருக்குதுங்க" என்றாள். பிறகு, "அப்ப எங்கூட்டுக்காரரு எதத்தான் போட்டாராமா?"

"இலைங்க" என்றோம் மூன்று பேரும்.

"அப்படீன்னா இங்கியே உக்காந்து ஒரு இலை போட்டுக் காட்டச் சொல்லுங்க."

பழனிச்சாமியைக் கூட்டி வந்தார்கள். ஆண்கள் பக்கம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. ஒரு வெட்டுத் துணியில் இலை வரைந்து கொடுத்தேன். அவர் நூல் கோக்கவே நேரமாயிற்று. துணியைக் கொண்டுபோய் ஊசியில் குத்தினார். குத்தியதும் வலது கால் மிதிக்க ஆரம்பித்தது. சரோஜா அவர் கையைப் பார்க்கவில்லை, காலையே பார்த்தாள். ஊசி விரலில் ஏறியபோது கால் பட்டென்று நின்றது, மெஷினை நிறுத்துகிற மாதிரி. விரலை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு மறுபடி மிதி. எனக்குச் சிரிப்பு வந்தது, பயத்தில் அடக்கிக்கொண்டேன். இந்த ஆள் ஓர் இலையைத் தப்பாகவாவது முடித்துவிட வேண்டுமே என்று எனக்குத் தெரிந்த எல்லா முருகனையும் வேண்டிக்கொண்டேன்.

முடிந்தது. சரோஜா அதை வாங்கி உறையின் மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோல் நீளமாக, ஒல்லியாக, நடுவில் கணு கணுவாக இருந்தன.

"இது இலைங்களா?"

"இலைதான் சரோஜா."

"நான் முருங்கக்காயின்னு நெனச்சனுங்க. உங்க ஊரு பெருமைக்குப் போட்டிருக்கறீங்களாக்கும்னு." சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் விரலை இழுத்துப் பார்த்தாள். பொத்தல்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "இத்தன குத்தா" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் கால் ஒரு மிதி மிதித்தது.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் ஒன்றாகத் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் வந்த தன் வளைகாப்புக்குச் சரோஜா எங்களையும் கூப்பிட்டிருந்தாள். போனோம். கட்டிலில் அந்த உறை போட்ட தலையணை இருந்தது. ஸ்டெல்லா அக்கா ஆசையாகக் கிட்டே போனார். போனவர் அப்படியே நின்றார். ரோஜா இல்லை. லேஸ் இல்லை. என் கொம்பு வைத்த பெயரும் இல்லை. ஊசி போன புள்ளிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. வெள்ளைத் துணியில் பழனிச்சாமியின் கொடியும் முருங்கைக்காய் இலைகளும் மட்டும், பூவில்லாமல், பெயரில்லாமல்.

"கோவிச்சுக்காதீங்க்கா" என்றாள் சரோஜா. "உங்களுத நல்லா இருந்துது. அதனாலதான் பிரிச்சனுங்க. பக்கத்துல இருந்துட்டு இவரத கெடுத்துப்போடுது."

கிளம்பும்போது தாம்பூலத்தோடு ஆளுக்கொரு கைக்குட்டை கொடுத்தாள். நாங்கள் போட்ட நூலைத்தான் பிரித்து, தண்ணீர் தொட்டு நீவி, எங்களுக்கே திரும்பப் போட்டிருந்தாள். ஸ்டெல்லா அக்காவுக்கு அதே ரோஜா. அக்கா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முதல் காரியமாக அதைத் திருப்பினார். பஸ் பழைய பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்வரை மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் மூஞ்சியாவே இருக்குது" என்றார்.

அந்தக் கம்பெனி தொண்ணூறுகளின் நடுவில் ஊருக்கு வெளியே பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டது. அங்கே கேண்டீன் உண்டு, நல்ல சாப்பாடு. ஆனால் பிரிவு பிரிவாகச் சாப்பிடப் போக வேண்டும் என்பதால் எல்லா மெஷினும் ஒன்றாக நிற்கிற நேரம் என்று ஒன்று அங்கே கிடையாது. பழனிச்சாமியும் சரோஜாவும் முதலிபாளையத்துப் பக்கம் சொந்தமாக நாலு மெஷின் போட்டார்கள். ஸ்டெல்லா அக்கா மகனோடு வெளியூர் போனார். பழைய கட்டடத்தை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டினார்கள்.

சென்ற தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக அங்கே போனேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், எங்கள் கொட்டகை இருந்த இடம் இப்போது சாப்பாட்டுக்கூடம். எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து வரிசையாக உட்கார வேண்டும், எதிரே சுவர். பக்கத்து நாற்காலியில் என் வயதுப் பெண் ஒருவர். மனசு கேட்காமல் அவரிடம், "நாங்கெல்லாம் இந்த எடத்துலதானுங்க உக்காந்து சாப்பிடுவோம்" என்றேன்.

"அப்படீங்களா" என்றார் அவர், இலையை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி. "அப்ப பாயசம் இங்க எப்பவுமே இப்படித் தண்ணியாத்தான் இருக்குமுங்களா?"